நான் கிள்ளவில்லை

என் தம்பியை நான் ஒருநாளும் கிள்ளியதில்லை. இதை எழுதியே வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. எட்டு வயதில் ஒரு மாதம் முழுக்கக் கிள்ளுகிறவள் என்ற பட்டத்தோடு அலைந்தேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பிக்கு அப்போது பத்து மாதம். தவழ்ந்து முடித்து, சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் அவன் உடம்பில் நீலத் திட்டுகள் வர ஆரம்பித்தன. முதலில் முழங்காலில் ஒன்று, பிறகு தொடையில், பிறகு அக்குளுக்குக் கீழே. பார்த்த அத்தை, "எல்லாம் இவ வேலைதான். பொறாமையில கிள்ளி வச்சிருக்கா" என்று தீர்ப்புச் சொன்னாள். அம்மா அதை மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். என் நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டினாள். மறுநாளும் ஒரு திட்டு வந்தது. நகமே இல்லாமல் எப்படிக் கிள்ள முடியும் என்று கேட்டேன். "விரலால நசுக்கியிருப்பே" என்றாள்.

பொறாமை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிள்ளவில்லை. அப்படியானால் கிள்ளுவது யார்? அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். தம்பியின் வெள்ளிக் காப்பைத் திட்டின்மேல் வைத்து அளந்து பார்த்தேன், பொருந்தவில்லை. எதிர்வீட்டு அக்கா மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அவள் கன்னத்தை மட்டுந்தான் கிள்ளிக் கொஞ்சுவாள், கன்னத்திலோ ஒன்றும் இல்லை. கடைசியில் என் தொடையை நானே பலங்கொண்ட மட்டும் கிள்ளிப் பார்த்தேன். சிவந்தது, சாயங்காலத்துக்குள் மறைந்தும் போயிற்று. தம்பியுடையதோ நாலைந்து நாள் இருந்து, பச்சையாகி, மஞ்சளாகி, அப்புறந்தான் போகும். ஆகவே இது கிள்ளியதே இல்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததில்லை.

அந்த வாரமே அத்தை என்னைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போனாள். மூன்று நாள் கழித்துத் திரும்பினால் தம்பியின் முதுகில் புதிதாக ஒரு திட்டு. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். "போறதுக்கு முந்தியே கிள்ளியிருப்பே, இப்பதான் வெளியில தெரியுது" என்றாள் அம்மா.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. திருக்காட்டுப்பள்ளியில் நடவு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். அவருக்கு ஹீமோஃபீலியா, அதாவது அடிபட்டால் ரத்தம் லேசில் உறையாது. எங்கள் வீட்டில் இது ரகசியம் இல்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருக்கிற மாதிரி மாமாவுக்கு இது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். வந்ததும் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்து டப்பாவை வைப்பார். காலையில் அதிலிருக்கும் குப்பியின் பொடியில் தண்ணீரை விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கரைப்பார். தன் கையில் தானே ஊசி போட்டுக்கொண்டு, குடமுருட்டி ஆற்றுக்குப் போய் அக்கரை வரைக்கும் நீந்தித் திரும்புவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்ப்பேன். இடது முழங்கால் மட்டும் அவருக்கு முழுதாக மடங்காது. மருந்து கிடைக்காத காலத்தில் வீங்கி வீங்கிக் கெட்டுப்போனதாம். அப்போதெல்லாம் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாளாம். இத்தனையும் தெரிந்திருந்தும் மாமாவின் முழங்காலையும் தம்பியின் திட்டுகளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் துப்பறியும் லட்சணம் அவ்வளவுதான்.

தம்பிக்குக் குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காது குத்த வேண்டும். அம்மா இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டாள். அப்பா வழியில் முணுமுணுப்புக் கிளம்பியதால் மூன்றாம் முறை தள்ள முடியவில்லை. நடவு வேலை ஓய்ந்து, பல மாதம் கழித்து அன்றுதான் மாமா வந்தார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, முறைப்படி மருமகனை மடியில் வாங்கிக்கொண்டார். முடியிறக்குபவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நகை வேலை செய்யும் பத்தர் ஊசியோடு காத்திருந்தார். அந்த வெயிலிலும் தம்பிக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள் அம்மா.

மாமா தம்பியின் சட்டையைக் கழற்றினார். "அக்காக்காரி கிள்ளுறா தம்பி, என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா" என்றாள் அத்தை. மாமா ஒவ்வொரு திட்டையும் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சரியாகத் துப்பறிகிறார் என்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

"அவ கிள்ளலக்கா" என்றார் அம்மாவைப் பார்த்து. "பொறந்தப்பவே ரத்தம் டெஸ்ட் பண்ணுன்னு சொன்னேன்ல?"

"இல்லடா. அவதான். அவதான் கிள்ளுறா."

"உனக்குத் தெரியும்க்கா."

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, இன்றைக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்றார். கூட்டம் கொதித்துவிட்டது. "சாமிக்கு நேந்துக்கிட்டதுப்பா. ஒரு சொட்டு ரத்தம் வந்தா என்ன இப்போ?" என்றார் பெரியப்பா.

"ஒரு சொட்டோட நிக்காதுங்க" என்றார் மாமா.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவனும் உன்ன மாதிரியாடா?"

"என்ன மாதிரின்னா என்ன இப்போ? காலையில கூட ஆத்துல நீந்திட்டுதான்க்கா வந்தேன்." அம்மா அவருடைய இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ ஆகாயத்தில் பறக்காத குறை. கோயிலைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் போய், "நான் கிள்ளல, மாமாவே சொல்லிட்டாரு" என்று தண்டோரா போட்டேன். அத்தையிடம் இரண்டு தடவை சொன்னேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அன்று எடுத்த சோதனையில் மாமா சொன்னதுதான் உறுதியாயிற்று. மூன்று வருஷம் கழித்து, மருந்தை ஏற்றிக்கொண்டு, அதே கோயிலில் அதே மடியில் தம்பிக்குக் காது குத்தினார்கள். மாமாவின் சட்டையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இப்போது தம்பி ப்ளஸ் ஒன் படிக்கிறான். வாரத்தில் மூன்று நாள் மருந்தை உள்ளங்கையில் உருட்டிக் கரைத்துத் தானே போட்டுக்கொள்கிறான். ஆடியில் தண்ணீர் வந்தால் மாமாவோடு போட்டி போட்டு நீந்துகிறான், சைக்கிளில் கல்லணை வரை போய் வருகிறான். அவன் முழங்கால்கள் இரண்டும் நன்றாக மடங்குகின்றன.

அந்த முதல் நாள் கோயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக மாமா பைக்கைக் கிளப்பினார். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவாவது நம்புறியாம்மா? நான் கிள்ளலதானே?"

அம்மா என் தலையைத் தன்னோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "நீ கிள்ளியிருக்கக் கூடாதாடி" என்று சொல்லி அப்படி ஓர் அழுகை அழுதாள்.

வண்டி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். கிள்ளாதே கிள்ளாதே என்று ஒரு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியவள், கிள்ளவில்லை என்று தெரிந்ததும் எதற்கு அழ வேண்டும்? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. அவளுக்கு அதுதான் ஆசை என்றால், தம்பி திரும்பி வந்ததும் ஒரே ஒரு கிள்ளு கிள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.