அழைப்பிதழில் அடித்த பெயர்

என் எம்.ஃபில். ஆய்வு கொலைகாரர்களைப் பற்றியது. பழைய நாவல்களில் கொலை செய்தவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள், குற்றவுணர்ச்சியில் எப்படி வெந்தார்கள், எங்கே மீண்டார்கள் என்று நூற்றைம்பது பக்கம் எழுதினேன். திருந்தியவனை ஊர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார். அப்பாவின் தம்பி. வரப்புச் சண்டையில் பக்கத்து நிலத்துக்காரரை வெட்டிவிட்டுப் பதினான்கு வருடம் சிறையில் இருந்தவர். அங்கே அச்சு வேலை கற்று, வெளியே வந்ததும் டவுனில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தார். கருவடிக்குப்பத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். என் ஆய்வைக் கேட்டு வாங்கிப் படித்தார். விடுதலையான பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்தார். அதற்குள் கதை முடிந்துவிடும் சித்தப்பா என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா கல்லூரி முதல்வர். அந்தக் கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தன் தம்பி வேலை பார்க்கும் இடத்திலேயே பத்திரிகை அடிக்க வேண்டும், தன் பெயருக்குக் கீழே தம்பி பெயர் வர வேண்டும் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். பேரைப் பார்த்தால் யார், என்ன என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். போகும் வழியிலேயே அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

அச்சகத்தில் வேறொருவர் இருந்ததால் தாளை அவரிடம் கொடுத்துவிட்டு நழுவினேன். மறுநாள் புரூஃப் பார்க்கப் போனால், அதை நீட்டியவர் சித்தப்பா. அடித்த தாளைப் பார்த்து அவரேதான் அச்சுக் கோத்திருக்கிறார். வாடிக்கையாளர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே அச்சு ஓடும்.

"எல்லார் பேரும் வந்துடுச்சா பாத்துக்க கண்ணு. அப்புறம் மாத்த முடியாது," என்றார்.

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அப்பா பேருக்குக் கீழே இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் கண்புரை அறுவை நடந்திருந்தது. எழுத்து இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் பத்திரிகை உடன்பிறந்தவனுக்குத்தான் என்று என்னையும் அழைத்துப் போய், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"ஒம் பேர எம் பேருக்குக் கீழயே போடச் சொன்னன். பாரு, போட்டிருக்காங்களா?"

சித்தப்பா பத்திரிகையைப் பிரித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போட்டிருக்குணா," என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.