சாவி இல்லாமல் பாடிய செட்

கார்களுக்குப் பாட்டு செட் மாட்டுகிறவனுக்கு ஊரார் வைத்த பெயர் சீச்சீ. பெற்றவள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வண்டிக்கதவைத் திறந்து, மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே நுழைத்ததும் அவன் வாயில் முதலில் வருவது "சீ!" ஒயரைத் தொட்டதும் இன்னொரு "சீ!"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வண்டியின் மேல்பக்கத்தை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைத்திருப்பார்கள். கால் வைக்கிற இடத்தில் என்ன கிடக்கிறது என்று ஒரு பிள்ளையும் குனிந்து பார்ப்பதில்லை. மென்று துப்பிய பபிள்கம், வெட்டிப் போட்ட நகம், உருண்டு கிடக்கும் தலைமுடி, பால் கொட்டிப் புளித்துப்போன விரிப்பு. ஒரு தடவை ஒரு குழந்தையின் காலுறை, பூஞ்சை பூத்து, உயிருள்ள ஏதோ குட்டி மாதிரி அவன் கன்னத்தில் ஒட்டியது. அன்று அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

குப்பையையாவது பெருக்கித் தள்ளலாம். முன்னால் கைவைத்தவன் செய்துவிட்டுப் போன வேலை இருக்கிறதே, அதுதான் அவனுக்குக் குமட்டும். பல்லால் கடித்து உரித்த ஒயர், பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், ஈரத்தில் பச்சை பிடித்த ஒயர் முறுக்கு.

"இந்த வேலைய செஞ்ச மகராசன் யாரு?"

"என் தம்பிதான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பொண்ணு குடுத்தவங்கள நெனச்சேன், வயித்த கலக்குது."

இப்படிப் பேசியும் வாடிக்கை குறையவில்லை. திட்டினாலும் வேலை சுத்தம்.

பெண் கொடுத்த வகையில் அவனுக்கே ஒரு கதை உண்டு. அவன் மூத்தவன். அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கடைசியில் ஒரு தங்கை. அப்பா போன பிறகு அவன்தான் அவளைக் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளை வெளியாள் இல்லை, அத்தை புருஷனுக்குக் கூடப்பிறந்த தம்பியின் மகன். அந்த வம்சத்து ஆண்களுக்கெல்லாம் கணீரென்ற குரல், அடர்ந்த மீசை, வேலைக்கு நடக்காத கால். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். தெரிந்தும் கொடுத்தார்கள், குரலில் மயங்கிவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டைச் சுமந்தது தங்கைதான். பழைய கார் ஒன்றை வாங்கி, விடிவதற்கு முன்னால் நாலு தெரு சுற்றி நர்சுகளை ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் இறக்குவாள். அந்த ஓட்டத்தில்தான் உலை கொதித்தது. வண்டி வாங்கியபோது அண்ணன்காரன் ஒரு பாட்டு செட் கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிக்கொடுத்தான். கறுப்பு ஒயர் வண்டியின் உடம்புக்கு. மஞ்சள் ஒயர் பியூஸ் வழியாக நேரே பேட்டரிக்கு; மணியையும் ஸ்டேஷனையும் செட் மறக்காமல் இருக்க அது வேண்டும். சிவப்பு ஒயர் சாவியைத் திருகினால் மட்டும் உயிர் வருகிற இடத்துக்கு. சாவியை எடுத்தால் செட் தூங்கிவிடும், பேட்டரி பத்திரமாக இருக்கும்.

கொஞ்ச காலமாக விடிகாலையில் வண்டி கிளம்ப மறுத்தது. பேட்டரி புதிதாகப் போட்டும் அதே கதை. நர்சுகள் வாசலில் காத்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு மேலே இருந்த அம்மாள், "இன்னொரு தடவ லேட்டானா வேன்காரனுக்கு மாத்தி விட்டுருவேன், அப்புறம் என் கால்ல விழுந்தும் பிரயோஜனமில்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

தங்கை போனில் அழுதாள். அழுதுகொண்டே, "நீ போட்ட ஒயர்லதான் கோளாறாம்ணே, அவரு சொல்றாரு" என்றாள். அப்புறம், "ஆனா அவரு பாவம். குளிர்ல பனியனோட வந்து தெருமுனை வரைக்கும் வண்டிய தள்ளுறாரு. எதிர்வீட்டுக்காரி எங்கள பாத்துக் கண்ணு வெக்கிறா" என்றும் சொன்னாள்.

தன் வேலையில் கோளாறு என்றதும் சீச்சீக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான்.

வீட்டு வாசலில் கார் நின்றது. ஓட்டுநர் சீட் பின்னால் சாய்ந்து படுக்கையாகியிருந்தது. தலை வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை. கீழே வறுத்த வேர்க்கடலைத் தோல், அன்றைக்கு உரித்துப் போட்டது, இன்னும் கூட்டித் தள்ளவில்லை. தங்கை கடலை தின்கிறவள் இல்லை.

"சீ!" என்றபடி படுத்து, தலையை உள்ளே விட்டான். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். சிவப்பு ஒயர் பழைய இடத்திலிருந்து பிளேடால் அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த முனையை மஞ்சளோடு சேர்த்து முறுக்கி, மேலே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார்கள். சாவியே இல்லாமல் செட் பாடும். பொத்தானை அமுக்கி அணைத்தாலும் அது தூங்காது. முழித்துக்கொண்டே கிடந்து பேட்டரியை உறிஞ்சும்.

கதவோரம் ஒரு நிழல் விழுந்தது. மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்தார்.

"மச்சான், கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"நான் இன்னும் வாயே தொறக்கலையே மாப்ளே."

"பாத்துட்டீங்கல்ல, அதான்." மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "சாவி எப்பவும் அவ கிட்டயே இருக்கு. ஒரு பாட்டு கேக்க நான் கை நீட்டணுமா? ஆம்பளைக்கு ஒரு இது வேணாமா?"

"வீட்டுல கேக்கலாமே."

"வீட்டுல உக்காந்தா வெங்காயம் உரி, துணி காயப்போடுன்னு ஏதாச்சும் சொல்லிட்டே இருப்பா. வண்டியோட பின்கதவு பூட்டு வேல செய்யாதுல்ல, அப்படியே உள்ள வந்துருவேன். கார்ல உக்காந்திருந்தா தெருவுல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. ஏதோ சோலியா கெளம்பறாருன்னு நெனச்சுக்கறாங்க."

"வண்டி நின்ன எடத்துலயே நிக்குதே?"

"கெளம்பப் போறாருன்னு நெனச்சுக்குவாங்க."

சீச்சீ முறுக்கின் மேலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் பிரித்தான்.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க மச்சான். பெரிய பேட்டரியா ஒண்ணு வெச்சிருங்க. அவகிட்ட ஒயர் லூசுன்னு சொல்லிருங்க. நீங்க போட்டதுதானே, நம்பிருவா."

எத்தனையோ வண்டிகளின் அழுக்கைக் கன்னத்தில் வாங்கியவன் அவன். ஆனால் வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறிய இந்தக் கசப்பு புதிது. பகலெல்லாம் படுத்துக்கிடந்து பேட்டரியைக் குடித்த ஆளே, விடிந்ததும் பனியனோடு ஓடிவந்து தள்ளவும் தள்ளியிருக்கிறார். தள்ளிப் பேரும் வாங்கியிருக்கிறார்.

ஒயரைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. சிவப்பைப் பழைய இடத்தில் சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் சாவியை முதல் திருகு மட்டும் திருகினால் இன்ஜின் ஓடாமலே செட் பாடும். நாளைக்கே இவர் மீசையைத் தடவிக்கொண்டு சாவியைக் கேட்பார். தள்ளிவிட்ட மகராசனாயிற்றே என்று அவளும் எடுத்துக் கொடுப்பாள். வேன்காரனுக்கு ஓட்டம் போய்விடும். சொல்லாமல் விட்டால் அவள் பிழைப்பு போகும். சொன்னால் மாப்பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தியதாகும். மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சாகும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவன் அம்மா.

தங்கை டீயோடு வெளியே வந்தாள். "என்னண்ணே, லூசா?"

"லூசு இல்லம்மா." முறுக்கிய ஒயரை வெளியே இழுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான். "அறுத்து முடிச்சுப் போட்டிருக்கு. சாவி இல்லாம பாட்டு கேக்க. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

அவள் பிளாஸ்திரியைப் பார்த்தாள். கடலைத் தோலைப் பார்த்தாள். டீ தம்ளரை வண்டியின் மேலே வைத்தாள்.

"அது ஒண்ணுமில்ல, சும்மா ரெண்டு பாட்டு..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். கணீர் குரல் எங்கேயோ போயிருந்தது.

"தள்ளும்போது உங்களுக்கு மூச்சு வாங்குச்சே," என்றாள் அவள். "நெஞ்சு வலிக்குதுன்னீங்களே. நான் இந்தக் கையாலதானே தடவிவிட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையை உடையில் அழுத்தித் துடைத்தாள். ஒரு தடவை துடைத்துப் போதாமல் மறுபடியும் துடைத்தாள்.

"செட்டக் கழட்டுண்ணே."

"ஏய், அதுக்கு செட்டையே எதுக்குக் கழட்டணும்? ஒயர மாத்தினா போதும்ல! மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க!"

மாட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் திருகாணிகளைக் கழற்றிச் செட்டை வெளியே இழுத்தான். மஞ்சள் முனைக்குத் தனி டேப், சிவப்பு முனைக்குத் தனி டேப், ஒன்றோடொன்று எட்டாதபடி கட்டினான். கடலைத் தோலையெல்லாம் கையாலேயே வாரிப் போட்டான். போகும்போது பின்கதவுப் பூட்டையும் பிரித்து, சரிசெய்து மாட்டிவிட்டுத்தான் போனான். மாப்பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டார். "வயிறு சரியில்ல" என்றான். அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு வண்டி ஒரு விடிகாலையும் மக்கர் செய்யவில்லை. ஆஸ்பத்திரி அம்மாள் பாராட்டவும் இல்லை, ஓட்டத்தை மாற்றவும் இல்லை. தங்கைக்கு அதுவே போதும். சொந்தக்காரர் கூடுகிற இடத்தில் மாப்பிள்ளை இன்றைக்கும், "நல்ல செட்டு, எங்க மச்சான் பிடுங்கிட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சீச்சீ மறுத்துப் பேசுவதில்லை; எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவான்.

தங்கை ஒரு சின்ன ரேடியோ வாங்கி, சமையல்கட்டில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாட்டுதானே வேணும்? இங்க உக்காந்து கேளுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கை மட்டும் சும்மா இருக்க வேணாம்" என்றாள்.

மாப்பிள்ளை இன்றுவரை அதன் பொத்தானைத் தொட்டதில்லை. வெங்காயத்தை அவளேதான் உரிக்கிறாள், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு.