டிரெசர் ஊதாத மூச்சு

மலாயாவில் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், மருந்து கொடுக்கும் டிரெசர் செல்லப்பன் என்றால் தனி மவுசு. காய்ச்சல், கழிச்சல், பாம்புக்கடி, எது வந்தாலும் தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் அவர்தான் எல்லாம். சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரர். ஆனால் ஒரு நாள் காலை நடந்தது மட்டும் அவரை விடவேயில்லை.

1926. பால் வெட்டப் போன வெள்ளையம்மாவுக்கு மரத்தடியிலேயே வலி கண்டு, தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறந்த பிள்ளை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். செல்லப்பன் உள்ளங்காலைத் தட்டினார், துணியால் முதுகைத் தேய்த்தார். ஊஹூம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். வாயிலுள்ள சளியை வழித்துவிட்டு, வாயோடு வாய் வைத்து மெதுவாக ஊத வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து வந்த டாக்டர் இதே கட்டிலில் செய்து காட்டியிருந்தார்.

குனிந்தார். வாய் போகவில்லை. அது கீழ் லயத்துப் பிள்ளை, தாழ்ந்த சாதி என்று தள்ளிக் குடிவைத்த வரிசை வீட்டுப் பிள்ளை. ஊரில் அந்த ஜனம் தொட்ட தண்ணீரை அவர் வீட்டில் குடிக்க மாட்டார்கள். கப்பலேறி இத்தனை வருஷமாகியும் அந்தப் புத்தி மட்டும் இறங்கவில்லை. படித்த மனுஷன், பாருங்கள்! "ரப்பர் டியூப் எங்க?" என்று அலமாரியைக் குடைய ஆரம்பித்தார். டியூப் வைத்து ஊதுவாராம்! அதுவரை பிள்ளை காத்திருக்குமா?

தரை கூட்டிக்கொண்டிருந்த அங்கம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். டாக்டர் செய்ததைக் கதவோரம் நின்று பார்த்ததுதான் அவள் படிப்பு. "தள்ளுங்கய்யா!" முந்தானையை விரலில் சுற்றிச் சளியை வழித்தாள். வாய் வைத்து ஊதினாள், ஊதினாள். பிள்ளை வீலென்று கத்தியது.

சேதி கேட்டு வந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, டிரெசரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையைக் கொடுத்த செல்லப்பன் வாயைத் திறக்கவில்லை. அங்கம்மா மறுபடி கூட்டப் போய்விட்டாள். அன்றிலிருந்து தோட்டமே அவரை உயிர் கொடுத்த சாமி என்றது. வெள்ளையம்மா பிள்ளைக்குச் செல்லப்பன் என்றே பேர் வைத்தாள். அந்தப் பிள்ளையை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு உடம்பே கூசும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருக்கும்.

ஏழு வருஷம் கழித்து வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. சொல்லாமல் போக மனம் வரவில்லை. கீழ் லயத்துக்கே நடந்தார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா பதறி எழுந்தாள்.

"ஒம் புள்ளைக்கு மூச்சு குடுத்தது நான் இல்லம்மா, அங்கம்மா. நான் வாய் வைக்கக் கூசிக்கிட்டு நின்னேன்."

"தெரியும்யா. நான் முழிச்சுக்கிட்டுத்தானே கெடந்தேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா என் பேர வச்ச?"

வெள்ளையம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"மருந்து ஒங்க கையிலதானய்யா இருந்துச்சு. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா, ஒங்க பேரு வச்ச புள்ளையவாவது சாக விட மாட்டீங்கன்னு நெனச்சேன்."