காதோடு கதைக்கும் பேர்ணடெற் அக்கா

“வெள்ளவத்த தெகாய்” என்று பேர்ணடெற் அக்கா கொண்டக்டரிடம் சிங்களத்தில் இரண்டு ரிக்கற் கேட்பது பஸ்ஸின் கடைசி ஆசனம்வரை கேட்கும். ரிக்கற்றைப் பையில் வைத்ததும் அந்தக் குரல் எங்கே போகிறதோ தெரியாது. மிதிபலகையில் நிற்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் சரிந்து, “முத்து, இண்டைக்கு என்ன கறி?” என்று காதுக்குள் ஊதுவார். நெத்தலிக் கருவாடு என்ற பதிலை நானும் இராணுவ இரகசியம்போலத்தான் ஒப்படைப்பேன். சண்டை நடக்கும் காலம், வழியெல்லாம் சோதனைச் சாவடி. வாயில் தமிழ் வந்தால் கையில் அடையாள அட்டையும் வரவேண்டியிருக்கும்.

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். வயது ஐம்பதை எட்டிப் பிடிக்கிறது. வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் ரைப் செய்கிறார். அங்கே நான் பிழை திருத்துபவன். மாப்பிள்ளையை ‘அமரர்’ ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

போன வருடம் எங்கள் இருவரையும் மாதா கோயில் சங்கம் ஒன்று ஜேர்மனியில் ஒரு சிறிய ஊருக்கு அனுப்பியது. பல நாட்டவரும் ஒரே விடுதியில் தங்கி, சோடி சோடியாகச் சேர்ந்து, தத்தம் மொழியைக் கொடுத்து மற்றவர் மொழியை வாங்கவேண்டும். சிநேகிதம் தானாக வருமாம். பதுளைத் தோட்டத்தில் பிறந்த நான் ஒரு பெட்டி நிறையத் தேயிலையைக் கட்டிக்கொண்டு போனேன். அதைக் குடித்துவிட்டு ஐரோப்பா என் தோளில் சாயும் என்ற நம்பிக்கை. எனக்கு வாய்த்த சோடி கோப்பி மட்டும் குடிக்கும் மனுசன். மூன்று மாதம் முடிந்தபோதும் எங்கள் சிநேகிதம் ‘காலை வணக்கம்’, ‘கதவைச் சாத்து’ என்பதைத் தாண்டவில்லை.

போய் இறங்கிய அன்றே அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அடையாள அட்டை, பிரதி, படம் எல்லாம் கையில். புது இடத்தில் தங்குவதென்றால் பொலிஸில் பதியவேண்டும், அதுதானே உலக வழக்கம். அங்கிருந்த அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, நாங்கள் வந்திருக்கிறோம் என்று சொல்ல வந்தோம் என்றேன். சந்தோசம் என்று கைகொடுத்து அனுப்பிவிட்டார்.

“ஒரு துண்டும் தரேல்லை முத்து. ராவைக்கு வந்து கேட்டா என்னத்தைக் காட்டுறது?” அக்கா விடுதிவரை புலம்பிக்கொண்டே வந்தார்.

அவருக்குச் சோடியாக வந்தவள் உர்சுலா, ஆஸ்பத்திரித் தாதி. அவளுடைய வார்ட்டுக்கு அகதியாக வந்த எங்கள் சனம் நிறைய வருமாம். அவர்களிடம் நாலு வார்த்தை பேச அவளுக்குத் தமிழ் வேண்டும். இருவரும் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடி படித்தார்கள். அக்கா எப்படிச் சொன்னாரோ அப்படியே உர்சுலாவும் சொன்னாள். முதலில் கதவைப் பார்ப்பாள், தோளைக் குறுக்குவாள், பிறகு மூச்சுக்காற்றில், “எங்க நோகுது?” என்பாள். பக்கத்திலேயே இருந்து கேட்ட எனக்கு, பிழை பிடிப்பதே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, ஒரு பிழையும் தெரியவில்லை. விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். தன் சொந்தத் தங்கையைப் பிரியும்போதுகூட அக்கா அப்படி அழுதிருக்கமாட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு உர்சுலா அச்சகத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். அவள் பேசத் தொடங்கினாலே நோயாளிகள் கலங்கிவிடுகிறார்களாம். கால் சுளுக்கி வந்த ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இன்னும் எத்தினை நாள் பிள்ளை?” என்று கேட்டாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“என்னை நம்பித்தானே படிச்சவள். வருத்தக்காரரை வெருட்ட எல்லோ படிப்பிச்சு விட்டிருக்கிறன். இனி என்னைச் சிநேகிதியெண்டு நினைப்பாளோ?” என்றார். சற்று நேரம் கழித்து, “இங்க வாறனெண்டு சொன்னவள். வரட்டும். சரியாப் பழக்கி விடுறன்,” என்றார்.

அதற்காக அச்சகத்தின் பின்னறையில் என்னை எதிரே நிறுத்தி உரக்கக் கதைத்துப் பார்த்தார். இரண்டாவது வசனத்திலேயே இருவரும் கதவைப் பார்த்தோம்.

சென்ற சனிக்கிழமை, சொன்னபடியே வந்திறங்கிய உர்சுலாவுக்கு வெள்ளவத்தையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் சரியான சனம். கொள்ளுப்பிட்டியில் இரண்டு ஆமிக்காரர் ஏறி எங்கள் ஆசனத்தோடு ஒட்டி நின்றார்கள். உர்சுலா அவர்களைப் பார்த்தாள், தோளைக் குறுக்கினாள், உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, “அக்கா, கடல் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

கடல் எந்தப் பக்கம் என்பதில் என்ன இரகசியம்? வெள்ளைக்காரி ஒருத்தியும் எங்களைப்போலவே ஒடுங்கியிருந்தாள். ஆனாலும் நான் துணிச்சல்காரன். இந்த இரண்டு பெண்களையும் யாரென்றே தெரியாதவன்போல முன்னால் இருந்தவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உர்சுலாவின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

“வலப்பக்கம் பிள்ளை,” என்றார், முழு பஸ்ஸுக்கும் கேட்க. “அந்த றோட்டு முடியிற இடத்தில, ரெயில் பாதைக்கு அங்கால. வடிவாப் பார்.”

தலைகள் திரும்பின. ஆமிக்காரர்களும் குனிந்து கடலைப் பார்த்தார்கள். அக்காவின் முகம் நேரே இருந்தது. மடியில் உர்சுலாவின் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வெள்ளவத்தை வரும்வரை விடவில்லை.