வேகாத கல்யாணச் சோறு

பொனிரா யாரையும் நம்ப மாட்டாள். அரிசிப் பானைக்குள் அரிசியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் வயலுக்குக் கிளம்புவாள். திரும்பி வந்ததும் கால்கூடக் கழுவாமல் அந்தக் கோட்டைப் போய்ப் பார்ப்பாள். வீட்டுக்குள் பூனை நுழைந்துவிட்டால்கூட, அதை யார் ஏவிவிட்டார்கள் என்று நாலு வீட்டில் விசாரித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

வயலில் தண்ணீர் குறைந்தால் குனிந்து வரப்பைப் பார்க்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. நிமிர்ந்து கீழ்வயலைத்தான் முறைப்பாள். கீழ்வயல் அவள் ஓரகத்தி சர்மியுடையது. ஒரு வறண்ட பருவத்தில், சர்மி வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருடுகிறாள் என்று மடைக்காரர் கர்சோவிடம் போய் நின்றாள். அவர் வந்து வரப்பின் அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு வயல் நண்டை இழுத்துப் போட்டார்.

"இந்தா, உன் திருடி."

பொனிரா அந்த நண்டை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. இதைக் கொண்டுவந்து அங்க விட்டது யாரு?" என்று கேட்டாள். கர்சோ சேற்றுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்டவளை எங்கள் ஊர் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவள் ஆக்கும் சோறு. மெர்பாபு மலைச் சரிவில் அவளுக்கு இருந்தது துண்டு வயல். பிள்ளை குட்டி இல்லை. கரும்பு ஆலைக்கு வேலைக்குப் போன புருஷன் நோன்புப் பெருநாளுக்கு மட்டும் தலைகாட்டினான். மற்ற நாட்களில் அவளை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், முதல் ஆள் அவள் வாசலுக்குத்தான் வரும். சோற்றுப் பொறுப்பு முழுக்க அவள் ஒருத்திக்குத்தான். ஊர் வழக்கப்படி விருந்து முடியும்வரை குளிக்காமல், அடுப்படியை விட்டு நகராமல் காவல் இருப்பாள். மணப்பெண்ணைவிட அன்றைக்கு அவளுக்குத்தான் மரியாதை.

ஆனால் சோறு வேகாமல் போய்விட்டால் வந்தது வினை. எங்கள் ஊரில் யாரும் அடுப்பையோ விறகையோ குறை சொல்வதில்லை. யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்பார்கள். இல்லாவிட்டால் சோறாக்குகிறவள் மனசு சுத்தமில்லை என்பார்கள். அந்தப் பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் அவளை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பொனிராவுக்கு உயிர் போவதைவிடப் பெரிய பயம் அதுதான்.

திர்யோ வீட்டுக் கல்யாணத்தன்று, விறகு தள்ளச் சர்மியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததுமே பொனிரா அரிசிக் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இவ எதுக்கு இங்க?"

திர்யோவின் மனைவி ராத்மி சிரித்தாள். "அக்கா, அவ உங்க வீட்டுக்காரங்கதானே? ஒத்தாசைக்கு இருக்கட்டும்."

"அதான் கேக்கறேன்" என்றாள் பொனிரா.

செப்புப் பானையில் தண்ணீர் கொதித்தது. அதன் வாயில் செருகிய மூங்கில் கூம்புக் கூடையில் அரிசி ஆவியில் வேக ஏறியது. பொனிரா மண்மூடியைப் போட்டுவிட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தாள். சர்மி குனிந்து விறகைத் தள்ளினாள். அவள் நகர்ந்ததும், எதையாவது தூவிவிட்டாளோ என்று பொனிரா மூடியைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. சர்மி தண்ணீர்க் குடத்தோடு அடுப்பைக் கடந்தாள். மறுபடி மூடி திறந்தது. சர்மி புகையில் இருமினாள். அதற்கும் திறந்தது.

வெளியே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. பலாக்காய்க் குழம்பு தயார். தெம்பே என்கிற சோயா வில்லைகளும் பொரித்தாயிற்று. ராத்மி வந்து நாலு பருக்கையை வாயில் போட்டாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"என்னக்கா, பல்லுல நறநறங்குது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆத்துப் பாலத்தைத் தாண்டிட்டாங்களாமே!"

பொனிரா எழுந்து நின்றாள். "என் கையில குத்தம் இல்ல. இங்க வேண்டாத கை ஒண்ணு இருக்கு."

யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுப்படியில் இருந்த அத்தனை கண்களும் சர்மி மேல் போய் நின்றன.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜும்ரி, "நண்டு விட்ட கைதானே? அரிசியை மட்டும் விட்டுவைக்குமா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"அக்கா, நான் விறகுதானே தள்ளினேன்?" என்றாள் சர்மி. பொனிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்மி தன் தோள்துணியை உதறி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

சர்மி வைத்த வினை விலகிவிட்டதா என்று பார்க்கப் பொனிரா மூடியைத் திறந்தாள். அரிசி அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது. அப்படியென்றால் வினை வேறு யாருடையது? ஜும்ரி எதற்கு இங்கேயே இருக்கிறாள்?

"நீ போய் வெளிய உக்காந்து துருவு."

"என்னையா சொல்றீங்க? நல்லாயிருக்கே!" ஜும்ரி துருவியைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று வெளியேறினாள். அடுத்து இலை துடைத்தவர்கள் போனார்கள். தேநீர் ஆற்றியவள் போனாள். கடைசியில் ராத்மியையும் வெளியே அனுப்பிவிட்டுப் பொனிரா கதவைத் தாழிட்டாள்.

இப்போது அவளும் அடுப்பும் மட்டும்தான். அவள் கை தானாக மூடிக்குப் போய்த் திறந்தது. குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. அது போகிற வழியைப் பார்த்து அவள் அண்ணாந்தாள். கரி படிந்த விட்டமெல்லாம் ஈரமாகிச் சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சோற்றுக்குள் நிற்க வேண்டிய ஆவி முழுக்க அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

மூடி அவள் கையிலேயே இருந்தது. "அட ஆண்டவனே" என்றாள். வெட்கத்தில் அவளுக்குக் காது வரை சுட்டது.

மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றி ஈரத்துணியை அமுக்கி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கை பரபரத்தது. அவள் அசையவில்லை. ஒலிபெருக்கியில் இன்னும் சில பாட்டுகளைப் போட்டு மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிப்பதற்குள் சோறு பூவாக வெந்து வந்தது.

ராத்மி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா? அவ வாசலைத் தாண்டுனதும் சோறு வெந்துடுச்சு!"

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் பந்தல் முழுக்கப் பொனிராவின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கூடையைக் கவிழ்த்துச் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டினாள்.

அதற்கப்புறம் நாற்று நடவு வந்தது. ஒருவர் வயலில் ஒருவர் மாறி மாறி நட்டுக்கொடுக்கும் கைமாற்று வேலைக்குச் சர்மியை யாரும் கூப்பிடவில்லை. ஒற்றை ஆளாக அவள் சேற்றில் பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டாள். மேல்வயலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொனிராவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பெண்கள் துணி துவைக்கும் வாய்க்காலுக்குப் போனாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மூடியைத் திறந்து திறந்து ஆவியை வெளிய விட்டது நான்தான். சர்மி மேல ஒரு பாவமும் இல்ல. இனிமே என்னைச் சோறாக்கக் கூப்பிடாட்டியும் பரவாயில்ல."

துணி அடிக்கிற சத்தம் நின்றது. ஜும்ரி மெதுவாகப் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்தாள்.

"பாத்தியாடி? பெத்த தாயைக்கூட நம்பாதவ இந்தப் பொனிரா. அவளையே இப்படிச் சாட்சி சொல்ல வெச்சுட்டாளே! சர்மி என்ன மருந்து வெச்சாளோ!"

அது காதில் விழுந்ததும் பொனிரா அப்படியே திரும்பி நடந்தாள். அவளே ஊருக்குப் பழக்கிவிட்ட கணக்கு அது. அதில் எங்கே தப்பு என்று அவளால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

அன்று சாயங்காலம் புதுச்சோறு ஆக்கி, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு சர்மி வீட்டுக்குப் போனாள்.

"தப்புப் பண்ணிட்டேன் சர்மி. உனக்காக ஆக்கினேன். சாப்பிடு."

சர்மி பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். சோற்றை விரலால் கிளறி அடிவரை பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிறகு அதை அப்படியே பொனிரா பக்கம் தள்ளினாள்.

"முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கக்கா."

பொனிரா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை சர்மி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.