புரட்டாசிச் சனிக்கிழமையும் ஒஸ்லோ மீன்சூப்பும்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் கண் நிறையுமுன் வயிறு நிறைய வேண்டும். விருந்தினரை அழைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது புதிதன்று.

முதலில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். வெள்ளிக்கிழமைகளில் மீனும் இறைச்சியும் தவிர்த்து வளர்ந்தவள். ஒஸ்லோவில் தமிழ்ச் சுற்றுலா நடத்தும் ரெஜி, அந்நகரின் புறநகரான ஹொல்ம்லியாவில் பிறந்த பிள்ளை. கோயம்புத்தூரிலிருந்து வந்த இந்தக் குழு மனநிறைவோடு திரும்பாவிட்டால், தமிழ்ச் சுற்றுலாவையே நிறுத்திவிடுவதாக அவன் அறிவித்திருந்தான். நிறுத்தினால், அவனிடம் வழிகாட்டியாக இருக்கும் எனக்கு வேலை இல்லை.

கூரைமேல்

ஓப்பரா மாளிகையின் வெண்பளிங்குக் கூரை, கடலோரத்திலிருந்து சரிவாக ஏறும், எவரும் நடக்கலாம். சனிக்கிழமை காலை அதன் கட்டட அமைப்பை விளக்கித் திரும்பினேன். குழுவின் தலைவி ஜானகி அம்மாள் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். மற்றவர்களும் வரிசையாகக் கழற்றினர். பளிங்கோ பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. இது கோயில் அன்று என்றேன்.

"இருக்கட்டுங்க மேடம். இவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்க, செருப்போட மிதிக்க மனசு வரலீங்க."

கிழமைக் குழப்பம்

மதிய விருந்து துறைமுகத்து உணவகத்தில். வெள்ளிக்கிழமையைக் கவனமாக மரக்கறியோடு கழித்து, சனிக்கிழமைக்கு மீன்சூப் ஏற்பாடு செய்திருந்தேன். கிண்ணங்கள் வந்தன, கரண்டிகள் எழவில்லை. ஜானகி அம்மாளின் கணவர் தணிந்த குரலில், "புரட்டாசிச் சனிக்கிழமைங்க. பெருமாளுக்கு விரதம்," என்றார்.

வெளியே வந்து ரெஜியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அன்ரி, கிழமையை மாறிப் பிடிச்சிட்டியள். அவை பசியோட போனா, இந்தத் தமிழ்ச் சுற்றுலா இண்டையோட சரி."

உள்ளே என்ன இருக்கிறது?

சமையற்காரி உயரமான நோர்வேப் பெண். நான் விரதத்தை விளக்க, விறுவிறுவென்று கிண்ணங்களைத் திரும்ப எடுத்துப் போனாள். கோபம் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் லெஃப்ஸே வந்தது: உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து சுட்ட மெல்லிய ரொட்டி. கூடவே வெண்ணெய், அவித்த பீட்ரூட், பழுப்புச் சீஸ்.

ஜானகி அம்மாள் கைப்பையைத் திறந்தார். பருப்புப்பொடி வெளிவந்தது, பின்னாலேயே நல்லெண்ணெய். உணவகத்தில் சொந்த உணவைப் பிரிக்கலாகாது என்று நான் சொல்வதற்குள் சமையற்காரி அருகே வந்து நின்றாள். அம்மாள் சற்றும் கலங்காமல், பொடி தடவிய ரொட்டி ஒன்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். மென்று விழுங்கிய அவள், மிச்சப் பொடியைத் தந்துவிட்டுப் போக முடியுமா, மீன்சூப்பில் தூவிப் பார்க்க வேண்டும் என்றாள். மொழிபெயர்த்தேன்.

"தாராளமாத் தர்றேனுங்க. ஆனா இன்னிக்கு வேண்டாம், நாளைக்குத் தூவிக்கச் சொல்லுங்க!"

பின்னர் முடிவானவை: தமிழ்ச் சுற்றுலா தொடர்கிறது. மீன்சூப் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. கோயம்புத்தூர்க்காரர்கள் அதை மறுமுறையும் கேட்டு வாங்கிக் குடித்தனர். சனிக்கிழமைகளில் அந்த உணவகம் எங்களுக்கு லெஃப்ஸே சுடுகிறது. ஒஸ்லோவின் வரலாற்றை நூற்றாண்டு பிசகாமல் சொல்லக்கூடிய நான், இப்போது விருந்தினரிடம் கிழமை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.