பிரான்சு மாடும் என் குட்டைக் கையும்

1. கை

வேலையில் சேர்ந்த முதல் நாள் பெரிய டாக்டர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"நீட்டு."

நீட்டினேன். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கண்ணாலேயே அளந்தார்.

"இந்தக் கைய வச்சிகிட்டு மாட்டு வேலைக்கா வந்த? கோழிப் பண்ணைக்குப் போயிருக்கலாமே."

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. நான் புதுச்சேரியில் கால்நடை உதவியாளன். முதலியார்பேட்டையில் தொடங்கி நோணாங்குப்பம் வரைக்கும் என் எல்லை. பைக்கின் பின்னால் விந்துக் குச்சிகளை உறையவைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடவேண்டும். போட்ட மூன்றாம் மாதம் திரும்பப் போய், பின்பக்கமாகக் கையை விட்டு, குடலுக்கு அடியில் கருப்பையைத் தடவி, சினையா காலியா என்று சொல்லவேண்டும். மற்றவர்கள் முழங்கை வரைக்கும் விட்டு முடித்துவிடுவார்கள். எனக்குத் தோள் வரைக்கும் போனால்தான் ஏதாவது கிடைக்கும். மாட்டின் பின்பக்கத்தில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். உள்ளேயிருந்து ஏதோ ரகசியம் கேட்கிறேன் என்று தெருவில் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஊர் என்னை டாக்டர் என்றும் சார் என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டது. நான் டாக்டர் இல்லை என்று ஒருநாளும் நான் திருத்தியதில்லை.

2. சுவர்க் கணக்கு

மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் ஒருமுறை சொன்னார்: "எத்தன ஊசி போட்டோம்னு எல்லாரும் கணக்கு கொண்டாறீங்க. எத்தன மாடு சும்மா நிக்குதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. சும்மா நிக்கற மாடு சும்மாவா நிக்குது? தின்னுகிட்டு நிக்குதுய்யா."

எனக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு வாக்கியம் உள்ளே புகுந்துவிட்டால் ஒரு வாரம் உட்காரமாட்டேன். அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். பிண்ணாக்கு, தவிடு, வைக்கோல் எல்லாம் சேர்த்து ஒரு மாடு ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து ரூபாய் தின்கிறது. பருவம் வருவது இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை. ஒரு பருவம் தப்பினால் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து ரூபாய் வயிற்றுக்குள் போய் சாணியாக வெளியே வருகிறது. ஆறு மாதம் காலியாக நின்றால் எட்டாயிரத்து நூறு. மழை பெய்யும்போது துளிகளை எண்ண ஆசைப்படுகிறவன் நான். இது எண்ண முடிகிற மழை. விடவே மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து சட்டைப்பையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டேன். காலி என்று தெரிந்த மாடு நிற்கிற கொட்டகைச் சுவரில் 45 என்று பெரிதாக எழுதுவேன். பக்கத்தில் தேதி. ஒரு நாளைக்கு ஒரு கோடு என்று போடச் சொல்லி சாக்பீஸ் துண்டையும் கொடுத்துவிட்டு வருவேன். போகிறபோது ஒரு பிரசங்கம்.

"சினை நின்னா பால் மாடு. நிக்கலன்னா கறி மாடு. நடுவுல இன்னொரு ஜாதி மாடு கெடையாது. நீங்க பாசத்துக்குத் தீனி போடறீங்க, அது உங்கள தின்னுது."

எனக்கே கைதட்டத் தோன்றும். மாதக் கூட்டத்தில் என் பட்டியலைப் பெரிய டாக்டர் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். முதலியார்பேட்டையில் எனக்குக் 'காலி சார்' என்று பெயர் வைத்தார்கள். பட்டம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

3. பிரான்சு

அஞ்சலைக்கு இரண்டு மாடுகள். அவள் புருஷன் மாணிக்கம், வேலை பார்த்த மில் மூடியபிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். அவன் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரி. மற்றதெல்லாம் பாலில்தான் ஓடியது. இரண்டில் ஒரு மாட்டை, பிரான்சுக்குக் குடிபோன ஒரு வீட்டாரிடமிருந்து வாங்கியிருந்தாள். அதனால் அதற்குப் பிரான்சு என்றே பெயர். "பிரான்சுக்குத் தண்ணி காட்டு", "பிரான்சு உதைக்குது" என்று அந்தத் தெருவில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

பிரான்சுக்கு நான்தான் ஊசி போட்டிருந்தேன். மூன்றாம் மாதம் பார்க்கப் போயிருக்கவேண்டும். அப்போது என்னைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, அங்கே இங்கே அலைந்து, நான் போனபோது ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. மாடு ஒல்லி. பால் இரண்டு லிட்டருக்கு இறங்கிவிட்டது.

கையை விட்டேன். கன்னத்தைச் சாய்த்தேன். தடவினேன். ஒன்றும் இல்லை. பானை கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது.

"காலி" என்றேன்.

அஞ்சலை மாட்டின் கயிற்றைப் பிடித்தபடியே கேட்டாள். "இன்னொரு வாட்டி பாருங்க சார். ஊசி போட்டதுக்கப்புறம் அது பருவத்துக்குக் கத்தவே இல்லியே."

"சினைப்பை தூங்குது. அதான் கத்தல."

"மொகத்தப் பாத்தா சினமாடு மாதிரிதான் இருக்குது."

"மொகத்துல கன்னுக்குட்டி இருக்காதுக்கா."

மாணிக்கம் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. சுவரில் 45 எழுதினேன். இந்தத் தடவை கூடுதலாக ஒரு யோசனையும் சொன்னேன். காலி மாட்டுக்குப் பிண்ணாக்கு எதற்கு, வைக்கோலைப் போட்டால் போதும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் விற்றுவிடுங்கள், இன்னும் உடம்பு வற்றினால் கறி விலைகூடக் கிடைக்காது.

"அஞ்சாறு வருசமா எங்க வூட்டுல நிக்குது சார்" என்றாள் அஞ்சலை.

"வருசத்தக் கூட்டாதீங்க. நாளக் கூட்டுங்க."

இந்த வாக்கியத்தை வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி வைத்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

4. ஒரு வாளித் தண்ணீர்

நாற்பதாவது கோடு போட்ட அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தரகர் ஏழுமலை வந்துவிட்டார் என்று மாணிக்கம் ஆள் அனுப்பினான். நான் போகவேண்டிய அவசியம் இல்லை. என் கணக்கு ஜெயிப்பதை நேரில் பார்க்க ஆசை, போனேன்.

சுவரில் நாற்பது கோடுகள். பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு. மாணிக்கம் அதன் கீழே தொகையைத் தானே எழுதியிருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து மாணிக்கத்தின் கைமேல் போட்டார். துண்டுக்குள் இரண்டு பேர் விரல்களும் பேரம் பேசின. மாட்டு விலையை வாயால் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மேலே முகங்கள் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் முகம்போல இருந்தன. அவர்கள் கை துண்டுக்குள் ஒளிந்திருந்தது. மாட்டுக்குள் ஒளிந்த என் கை என்ன பேரம் முடித்திருந்தது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது.

"சரிங்க" என்று மாணிக்கம் துண்டைத் திருப்பிக் கொடுத்தான்.

ஏழுமலை கொண்டுவந்த புதுக்கயிற்றை மாட்டின் கழுத்தில் போட்டார். அஞ்சலை தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கொட்டகையில் அடுத்த மாடு நிற்காது என்பார்கள். பிறகு, "கொஞ்சம் இருண்ணே, வெறும் வவுத்தோட போவக்கூடாது" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குழாயில் அப்போதுதான் பிடித்த சில்லென்ற தண்ணீர்.

பிரான்சு மூக்கை முக்கி ஒரே இழுப்பில் குடித்தது. வாளி காலியானது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மாட்டின் வலப்பக்க வயிறு துள்ளியது.

தோல் சிலிர்ப்பது வேறு, ஈயை விரட்டுவது வேறு. இது சில்லென்ற தண்ணீர் இறங்கிய அதிர்ச்சியில் உள்ளேயிருந்து ஒரு குளம்பு வந்து இடித்துவிட்டுப் போனது. ஏழுமலை குனிந்து, கைமுட்டியை மடக்கி, அந்த இடத்தில் ஒரு குத்துப்போல் அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் இடித்தது.

"யாரு இத காலின்னு சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் என் கையெழுத்து.

"அண்ணே, பேசினது பேசினதுதான்" என்று மாணிக்கம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"போய்யா. எம் மருமவ எட்டு மாசம். சினமாட்ட வெட்டுக்கு ஏத்திட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டு வூட்டுக்குப் போவேன்?" புதுக்கயிற்றை உருவிக்கொண்டார். "காலி சார், கைய எங்க வுட்டுப் பாத்தீங்கோ? மாட்டுக்குள்ளதான?"

அஞ்சலை சிரிக்கவில்லை. ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டுக்குப் பின்னால் போட்டாள்.

"ஏறிப் பாருங்க."

செங்கல்லின்மேல் ஏறினேன். கன்றுக்குட்டி அப்போதும் கைக்குக் கிடைக்கவில்லை. ஐந்து ஆறு மாதத்தில் கன்றின் கனத்துக்குக் கருப்பை இடுப்பெலும்பைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், கயிறு அறுந்த வாளி கிணற்றில் இறங்குவதுபோல. மேலே தடவுகிற கைக்கு வெற்றிடம்தான் கிடைக்கும். அப்போது பக்கவாட்டில் கருப்பைக்குப் போகிற ரத்தக்குழாயைத் தேடிப் பிடிக்கவேண்டும். சினை இருந்தால் அது அதிரும். பயிற்சிப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான். பதிலை விடைத்தாளிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தேடினேன். விரல்களுக்கு நடுவே அது கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நாளாக ஓடியிருக்கிறது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஓடியிருக்கிறது.

"அதிருது" என்றேன்.

"எப்படி? மில்லு ஓடுனா செவுரு அதிருமே, அந்த மாதிரியா?" என்றான் மாணிக்கம்.

"அந்த மாதிரிதான்."

அவன் மாட்டின் முதுகில் கையை வைத்தான்.

அஞ்சலை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மடியில் செருகிய கயிற்றை எடுத்து மறுபடியும் மாட்டுக்குக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நாப்பது நாளா இதுக்குப் பிண்ணாக்கே வைக்கல சார். காலி மாட்டுக்கு எதுக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

நாற்பத்தைந்து ரூபாயில் எத்தனை ரூபாயை அவள் அந்தக் கன்றின் வாயிலிருந்து எடுத்து மிச்சம் பிடித்தாள் என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை. அன்றைக்குச் சாக்பீஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. சுவரை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

5. கட்டம்

இரண்டரை மாதம் கழித்துப் பிரான்சு கன்று போட்டது. கிடேரி. அந்த இரண்டரை மாதமும் நான் வாரம் இரண்டு முறை அந்தக் கொட்டகைக்குப் போனேன். போகும்போதெல்லாம் பைக்கில் நைட்ரஜன் கேனோடு ஒரு பிண்ணாக்கு மூட்டையும் இருந்தது. அஞ்சலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

கன்று பிறந்த மூன்றாம் நாள் ஒரு தூக்கில் சீம்பால் கொடுத்தனுப்பினாள். மாலையில் பார்க்கப் போனபோது கன்று எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. மற்றக் கன்றுகளைவிட ஒரு பிடி சிறியது.

"சின்னதா இருக்குது பாத்தீங்களா" என்றாள் அஞ்சலை. "உங்க கை மாதிரி."

இத்தனை நாளில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். கன்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"காலி."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாராவது "ஏய் காலி" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம். கன்றுக்குட்டிதான் முதலில் திரும்பும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் காலி மாட்டுக் கணக்கைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். கணக்கு சரியானதுதான். காலி மாடு வீட்டைத் தின்னத்தான் செய்கிறது. அதை வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும். பெருக்கலில் நான் தப்புச் செய்யவில்லை. எதைப் பெருக்குகிறோம் என்று தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் பெருக்க ஆரம்பித்துவிட்டேன்.

கன்று பிறந்த அந்த மாதமே எங்கள் ரிஜிஸ்டரில் சினை, காலி என்று இருந்த இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். அதன் தலையில் 'எட்டவில்லை' என்று எழுதினேன். மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்னாய்யா புதுசா? எட்டலைன்னா காலிதான?"

"இல்ல சார்" என்றேன். "எட்டலைன்னா கை குட்டை."

அவர் என் கையை இன்னொருமுறை தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் பார்த்தார். பேனாவைத் திறந்தார். அந்தக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.